வீட்டில் பதிந்த பாடலுக்குச் செவி தேடுவோர் பார்வையில் சவுண்ட்கிளவுட்

சொந்தமாக மெட்டமைத்து, வீட்டில் ஓர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, கிடாரும் குரலுமாகப் பதிந்த ஒரு பாடலைக் கையில் வைத்திருப்பவருக்கு முதலில் வேண்டியவை, பாட்டு எங்கே நிமிர்கிறது, எங்கே தொய்கிறது என்று மழுப்பாமல் சொல்லக்கூடிய நான்கைந்து செவிகள். ரசிகர் கூட்டமும் காசும் பெயரும் அதற்குப் பிறகு வர வேண்டியவை. அந்தச் செவிகளிடம் பாடலைக் கொண்டுசேர்ப்பதற்கும், அவர்கள் சொல்வதைச் சிந்தாமல் சிதறாமல் வாங்கிக்கொள்வதற்கும் எவ்வளவு தூரம் உதவுகிறது என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு, இணையத்தில் பாடல்களை ஏற்றிப் பகிர உதவும் சவுண்ட்கிளவுட் சேவையை இங்கே மதிப்பிடுகிறேன். பிறருடைய இசையைக் கேட்பதற்கான செயலியாக அது எப்படிப்பட்டது, அதில் வருமானம் வருமா என்பவற்றுக்குள் நான் போகவில்லை. தமிழில் எழுதி, அக்கூஸ்டிக் கிடாரை மட்டும் துணையாக வைத்துப் பாடுகிறவன் நான். என் தேவைகளும் அதற்கேற்ற அளவிலானவை.

2007-இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் அலெக்சாண்டர் யுங், எரிக் வால்ஃபோர்ஸ் என்ற இருவர் இதைத் தொடங்கினார்கள். விரைவிலேயே நிறுவனம் பெர்லினுக்கு இடம் மாறியது. யுங் ஒலி வடிவமைப்பாளர், வால்ஃபோர்ஸ் மின்னணு இசை படைப்பவர். அரைகுறையாக இருக்கும் இசையைத் தெரிந்த சிலருக்கு மட்டும் அனுப்பி, அவர்களுடைய கருத்தைக் கேட்டு, அதைப் பற்றிப் பேசிக்கொள்வதற்கு அப்போது ஒழுங்கான வழி எதுவும் இல்லை என்ற சங்கடத்திலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்று அவர்கள் தரப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். பிற்காலத்தில் இது ராப் பாடகர்களின் மேடையாகவும், டிஜேக்களின் கிடங்காகவும், பாட்காஸ்ட் வைக்கும் இடமாகவும் வளர்ந்தது. ஆனாலும் தொடக்கத்தில் இருந்த அந்தத் தேவையின் தடம் அதன் அமைப்பில் இன்னும் அழியவில்லை. என்னைப் போன்றவர்களுக்கு இது பயன்படுவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தத் தடத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது, பாடலின் அலைவடிவமும் அதன்மேல் நொடிக்கு நொடி ஒட்டப்படும் கருத்துகளும். பாடலைப் பதிவேற்றியவுடன் அதன் ஒலி ஏற்ற இறக்கம் முழுவதும் திரையில் ஒரு நீண்ட படமாக விரிகிறது. கேட்பவர் 1:47-ஆவது நொடியில் ஏதோ தோன்றி எழுதினால், அந்தக் கருத்து 1:47-லேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. விடைத்தாளின் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையால் குறித்து வைப்பதைப் போல, எந்த வரியைப் பற்றிய குறிப்பு என்று தேடவே வேண்டியதில்லை. இதன் அருமை, வாய்மொழியாகக் கருத்துக் கேட்டுப் பழகியவர்களுக்கு உடனே புரியும். "நல்லா இருக்கு, ஆனா நடுவுல எங்கயோ இடறுது" என்று ஒருவர் சொன்னால், நடு என்றால் பல்லவி முடிகிற இடமா, இடையிசையா, இரண்டாம் சரணமா என்று அவரிடமே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். அவருக்கோ அதற்குள் அது மறந்துபோயிருக்கும்.

என் பாடல் ஒன்றை வைத்தே இதைச் சொல்கிறேன். நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான பாடல் அது, ஜி மேஜரில் தொடங்கி, சரணத்தில் ஈ மைனருக்கு இறங்கும், திஸ்ர நடை. அதைப் பொதுவில் வைக்காமல், கேட்பதற்கான தனிச்சுட்டியை (லிங்க்) இசை தெரிந்த சிலருக்கு மட்டும் அனுப்பியிருந்தேன். கிடார் வாசிக்கும் நண்பர் ஒருவர் முன்னிசையின் இரண்டாம் சுற்று தொடங்குகிற இடத்திலேயே, "இங்கே குரல் வந்துவிட வேண்டும், கேட்பவன் காத்திருக்கிறான்" என்று ஒட்டியிருந்தார். கர்நாடக சங்கீதம் முறையாகப் பயின்ற பெரியவர் ஒருவர் சரணத்தின் மூன்றாம் வரியில், "தம்பி, 'விடு' என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மெட்டு இழுக்கிற இழுப்பில் 'வீடு' என்று காதில் விழுகிறது, அந்த இடத்தில் நெடில் வரும் சொல்லைப் போடுங்கள், அல்லது அடியைச் சுருக்குங்கள்" என்று எழுதினார். மெட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சிக்கல்தான் இது. ஆனால் தானே எழுதித் தானே பாடும்போது, எழுதியது என்ன என்று முன்பே தெரிந்திருப்பதால், சொந்தக் காதுக்கு அது ஒருபோதும் அகப்படுவதில்லை. இன்னொருவர் இடையிசையில் மூன்றாம் தந்தி இரைவதைக் குறித்து, தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியை, கிடாரின் கழுத்தில் குறுக்கே உள்ள ஃப்ரெட் கம்பியை ஒட்டி வைத்துப் பார்க்கச் சொன்னார். அலைவடிவத்தின்மேல் இவை மூன்றும் மூன்று இடங்களில் நின்றதைப் பார்த்தபோது, பாடலில் திருத்த வேண்டிய வேலை என்ன என்பது ஒரே பார்வையில் தெரிந்தது.

ஒருவரோடு ஒருவர் பழக்கமே இல்லாத இருவர் ஒரே இடத்தைச் சுட்டுவது இதைவிட முக்கியமானது. அந்தப் பாடலின் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஓர் அடி மூச்சு வாங்குகிறேன். அது இருவருக்கும் உறுத்தியிருந்தது. ஒருவர் அதை மூச்சுச் சத்தம் என்றார். மற்றவர் தாளம் இடறுகிறது என்றார். காரணங்கள் வேறு வேறாக இருந்தாலும் இடம் ஒன்றாக இருந்ததால், அங்கே ஏதோ கோளாறு இருப்பது உறுதியாயிற்று. கருத்துச் சொல்பவர் தரும் காரணத்தைவிட அவர் சுட்டும் இடத்தையே அதிகம் நம்ப வேண்டும் என்பது என் அனுபவம். இடத்தைத் துல்லியமாகப் பதிந்து தருகிற ஒரு கருவி அதனாலேயே மதிப்புள்ளதாகிறது. ஆனால் ஒன்று: கேட்பவர் கேட்டு, யோசித்து, எழுதத் தொடங்குவதற்குள் பாடல் சற்று நகர்ந்திருக்கும். ஆகவே கருத்து ஒட்டியிருக்கும் இடத்துக்கு இரண்டு மூன்று நொடி முன்னாலிருந்து கேட்டுப் பார்ப்பதே முறை. இல்லாவிட்டால் குற்றமே இல்லாத வரியைக் குற்றவாளியாக்கி விடுவோம்.

இந்த வசதியின் பெருங்குறையும் இதிலேயே இருக்கிறது. முதலில் கேட்டவர் எழுதியதை அடுத்துக் கேட்பவர் பார்த்துக்கொண்டேதான் கேட்கிறார். பெயர் பெற்ற ஒருவரோ, வயதில் மூத்த ஒருவரோ "அருமை" என்று எழுதிவிட்டால், அதன்பிறகு வருகிறவர்களில் பெரும்பாலோர் அதே திசையில் தலையாட்டுவார்கள். அவர் ஒரு குறையைச் சுட்டியிருந்தால், மற்றவர்களுக்கும் அந்தக் குறை மட்டுமே கேட்கும். நம் ஊர்ப் பழக்கமும் இதற்குத் துணை நிற்கிறது. நாலு பேர் பார்க்க ஒருவர் பாட்டைக் குறை சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைக்கும் நல்ல மனிதர்கள் நம்மிடையே அதிகம், அவர்களிடம்தான் கூர்மையான காதும் இருக்கிறது. ஆகையால் ஒரே பாடலைத் தனித்தனிப் பதிவுகளாக ஏற்றி, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு சுட்டியாக அனுப்புவதைப் பரிந்துரைக்கிறேன். இலவசக் கணக்கில் பதிவேற்றும் அளவு கோப்பின் எடையை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை, ஓடும் நேரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. நான்கு நிமிடப் பாடலை மூன்று நான்கு முறை ஏற்றினாலும் பெரிதாகக் குறைந்துவிடாது. இப்படிச் செய்தபின் எனக்குக் கிடைத்த கருத்துகளின் தன்மையே மாறியது. பொதுச் சுட்டியில் "சூப்பர்" என்று எழுதுகிற அதே மனிதர், தனக்கு மட்டும் வந்த சுட்டியில் பல்லவி சரணத்தைவிடச் சன்னமாக இருக்கிறது என்று மனம்விட்டு எழுதுகிறார்.

பதிவேற்றும்போதே பாடலைப் பொதுவில் வைப்பதா, தனிப்பட்டதாக வைப்பதா என்று தேர்ந்துகொள்ளலாம். தனிப்பட்டது என்று வைத்தால் தேடலில் அகப்படாது. அதற்கான சுட்டியைப் பெற்றவர்களால் மட்டுமே கேட்க முடியும். அந்தச் சுட்டி கடவுச்சொல் போட்ட பூட்டு அல்ல என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். கையில் கிடைத்தவர் இன்னொருவருக்கு அனுப்பினால் அவரும் கேட்கலாம். சுட்டி கைமீறிப் போனதாகத் தோன்றினால் அதைச் செல்லாததாக்கிப் புதிய சுட்டி எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. வீட்டில் பதிந்த ஒரு முதல் வரைவுக்கு இந்த அளவு காவல் போதுமானது. பதிவிறக்கத்துக்கான அனுமதியை மூடி வைத்திருப்பதும் நல்லது; கருத்துக் கேட்கத் தந்த வரைவு, நாலு வாட்சப் குழுக்களில் முடிந்த பாடலாக உலவத் தொடங்கினால், அதன்பிறகு திருத்திய வடிவத்துக்கு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

கேட்பதற்குக் கணக்குத் தேவையில்லை. கருத்து எழுதத்தான் தேவை. இது சிறிய தடையாகத் தோன்றலாம், ஆனால் என் வட்டத்தில் இதுவே பெரிய தடையாக இருக்கிறது. கோயில் திருவிழாவிலும் கல்யாணக் கச்சேரியிலும் வாழ்நாள் முழுவதும் வாசித்துக் காது பழுத்த ஒரு மாஸ்டர், மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் தொடங்கி, கருத்துப் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்து எழுத மாட்டார். அவர் பாட்டைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் அழைப்பார், அல்லது வாட்சப்பில் ஒரு நீண்ட குரல் செய்தி அனுப்புவார். அப்படிப்பட்டவர்களிடம் நான், "எந்த நொடியில் என்று திரையில் தெரியும் எண்ணை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள் மாஸ்டர்" என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலோர் மறக்காமல் சொல்கிறார்கள். அதை நானே அந்த நொடியில் என் கணக்கிலிருந்து கருத்தாக எழுதி வைத்துக்கொள்வேன். எல்லாக் குறிப்புகளும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும்.

இனி ஒலித்தரம். அக்கூஸ்டிக் பாடல் செய்கிறவர்கள் இதைக் கவனமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் எவ்வளவு உயர்ந்த தரத்தில் கோப்பை ஏற்றினாலும், சவுண்ட்கிளவுட் அதைச் சுருக்கித்தான் ஒலிபரப்புகிறது. பல ஆண்டுகளாக அதன் வழக்கமான வடிவம் நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3, பிற்பாடு 64 கிலோபிட் ஓபஸ் என்ற இன்னொரு சுருக்க வடிவத்தையும் சேர்த்துக்கொண்டது. பேஸும் டிரம்மும் நிறைந்த பாடலில் இந்தச் சுருக்கம் சட்டென்று தெரியாது. ஒரே ஒரு கிடாரும் ஒரு குரலும் உள்ள பாடலிலோ ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அந்த அளவுக்குச் சுருக்கும் எம்பி3 பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைக் கழித்துவிடுகிறது. மீட்டும் தகடான பிக் தந்தியைத் தொடும் அந்தக் கணத்தின் கூர்மை மழுங்குகிறது. முதல் தந்தியின் மினுக்கம் நீர் ஊறியதுபோல ஆகிறது. கடைசிக் கார்டு மெல்ல அடங்கி மறையும் வால் பகுதியில் ஒரு நடுக்கம் தட்டுப்படுகிறது. ஆகவே உங்கள் பாடலைக் கேட்ட ஒருவர் கிடார் மங்கலாக இருக்கிறது என்று சொன்னால், உடனே மிக்ஸைத் திருத்தப் புறப்பட வேண்டாம். அதே கோப்பைக் கணினியில் நேரடியாகவும், சேவையின் வழியாகவும் அடுத்தடுத்துக் கேட்டு, மங்கல் எங்கிருந்து வருகிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதைக் குறைக்க இரண்டு காரியங்கள் கைகொடுக்கும். ஏற்றும் கோப்பு, ஒலித்தரம் குறையாத வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் இருக்கட்டும். எம்பி3 ஆக மாற்றி ஏற்றினால், ஏற்கெனவே சுருங்கியது இன்னொரு முறை சுருங்கி, இரட்டைச் சேதமாகும். அடுத்து, ஒலியின் உச்சத்தை முழு அளவுக்குத் தள்ளாமல் ஒரு டெசிபெலாவது இடம் விட்டு வையுங்கள். சுருக்கும்போது உச்சங்கள் சற்று எகிறுவது இயல்பு, இடம் இல்லாவிட்டால் அது கரகரப்பாக மாறும். பதிவு செய்யும்போது கிடாருக்கான மைக்கை அதன் உடலிலுள்ள துளைக்கு நேராக வைக்காமல் பன்னிரண்டாம் ஃப்ரெட் பக்கம் பார்த்தபடி ஒரு சாண் தள்ளி வைத்தால், துளையிலிருந்து வரும் குமுறல் குறைந்து, சுருக்கத்துக்குப் பிறகும் தந்திகள் பிரிந்து கேட்கின்றன. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பதிய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சீரான இரைச்சல் சுருக்கத்தில் அலையலையாகக் கேட்கத் தொடங்கி, கேட்பவரின் கவனத்தைப் பாட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

கேட்பவர் எதில் கேட்டார் என்று விசாரிப்பதும் அவசியம். கிடாரின் ஆறாம் தந்தியைத் திறந்து மீட்டினால் எழும் ஒலியின் அடிப்படை அதிர்வு சுமார் 82 ஹெர்ட்ஸ்; கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கி அதை அனேகமாக வெளியே விடுவதே இல்லை. ஒருவர் பஸ்ஸில் கைப்பேசியை நேராகக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "கிடாருக்குக் கனம் போதவில்லை" என்று எழுதினால் அவர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அதை நம்பிக் கீழ்ச்சுருதிகளை ஏற்றினால், ஹெட்போனில் கேட்பவருக்குப் பாட்டு குமுறும். இந்தச் செய்தியைக் கருத்தோடு சேர்த்துத் தருவதற்குச் சேவையில் இடமில்லை. பாடலுக்குக் கீழே விவரம் எழுதும் பகுதியில் நானே, "ஹெட்போனில் கேட்டால் மகிழ்வேன், எதில் கேட்டீர்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதுங்கள்" என்று எழுதி வைக்கிறேன்.

அந்த விவரப் பகுதியைப் பலர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். கருத்துக் கேட்கும் நோக்கத்தோடு வருகிறவர்களுக்கு அதுவே மிக முக்கியமான இடம். "எப்படி இருக்கிறது, சொல்லுங்கள்" என்று எழுதினால் "நன்றாக இருக்கிறது" என்ற விடைதான் வரும். பல்லவி இரண்டாம் முறை திரும்ப வருவது வேண்டுமா, இடையிசை நீளமா, குரலை இன்னும் அரைச்சுருதி இறக்கினால் தேவலையா என்று மூன்றே கேள்விகளைக் குறிப்பாகக் கேட்டால், இசை தெரியாதவர்கூட உபயோகமான பதிலைத் தருகிறார். பாடல் வரிகள் முழுவதையும் அங்கேயே இடுவதைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. வரிகளைப் பார்த்துக்கொண்டே கேட்பவருக்கு எல்லாச் சொல்லும் தெளிவாகத்தான் கேட்கும். உச்சரிப்பு எங்கே விழுங்கப்படுகிறது என்று அவரால் சொல்ல முடியாது. ஆகையால் முதல் சுற்றில் வரிகளைத் தராமல், அடுத்த சுற்றில்தான் தருகிறேன்.

திருத்திய பாடலை அதே இடத்தில் மாற்றி வைக்கும் வசதி கட்டணக் கணக்குக்கு மட்டுமே உரியது. இலவசக் கணக்குக்காரர் புதிய வடிவத்தைத் தனிப் பதிவாகத்தான் ஏற்ற வேண்டும். பழையதை அழித்தால் அதனோடு கருத்துகளும் போய்விடும். இதைப் பெரிய குறையாக நான் எண்ணவில்லை. மாற்றி வைக்கும் வசதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: முன்னிசையில் எட்டு நொடியை வெட்டிய வடிவத்தைப் பழைய சுட்டியிலேயே வைத்தால், ஏற்கெனவே ஒட்டிய கருத்துகள் எல்லாம் எட்டு நொடி தள்ளி, சம்பந்தமில்லாத வரிகளின்மேல் உட்கார்ந்திருக்கும். வரைவுகளைத் தேதியிட்ட தனிப் பதிவுகளாக வைத்துக்கொள்வதே மேல். முதல் வரைவையும் மூன்றாம் வரைவையும் அடுத்தடுத்துக் கேட்டால், யாருடைய கருத்து பாட்டை உயர்த்தியது, யாருடையது அதன் உயிரைச் சற்று வாங்கிவிட்டது என்பதும் புரியும். எல்லாக் கருத்தையும் ஏற்றுத் திருத்திய பாடல்கள் சில வேளை வழவழப்பாகி, முதல் வரைவில் இருந்த துணிவை இழந்துவிடுகின்றன. அப்போது திரும்பிப்போகப் பழைய பதிவு இருக்க வேண்டும்.

பாடலைப் பொதுவில் வைத்து, முன்பின் அறியாதவர்களின் கருத்தைப் பெறலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தச் சேவை அவ்வளவாக உதவாது. பொதுப் பதிவுகளின் கீழே வரும் கருத்துகளில் தீ, இதயம் முதலான சின்னங்களும், ஒற்றைச் சொல் பாராட்டுகளும், "என் பக்கத்தையும் பாருங்கள்" என்ற அழைப்புகளும், காசு கொடுத்தால் ஆயிரக்கணக்கில் கேட்பு எண்ணிக்கை ஏற்றித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களும் பெருவாரியாக இருப்பது எல்லோரும் அறிந்ததே. அந்த விளம்பரங்களைத் தொடவே கூடாது. காசு கொடுத்து வாங்கிய எண்ணிக்கையால் உங்கள் பாட்டைப் பற்றி எந்த உண்மையும் தெரியவராது. மேலும் இந்தத் தளத்தின் பலம் மின்னணு இசையிலும் ஹிப்ஹாப்பிலும் இருக்கிறது. தமிழில் தனியாகப் பாடும் அக்கூஸ்டிக் பாடகரைத் தேடி அங்கே வருகிறவர்கள் குறைவு. அத்தகைய ரசிகர்கள் யூடியூபில்தான் இருக்கிறார்கள். பாட்டு முடிந்தபின் அதை அங்கே கொண்டுபோவதே சரி.

சொந்தப் படைப்பை ஓர் இடத்தில் ஒப்படைக்கும்போது அந்த இடத்தின் உறுதியையும் பார்க்க வேண்டும். 2017 ஜூலையில் சவுண்ட்கிளவுட் தன் ஊழியர்களில் 173 பேரை, அதாவது ஏறத்தாழ நாற்பது சதவீதத்தினரை, வேலையிலிருந்து நீக்கியது. நிறுவனம் மூடப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் பலர் தங்கள் பாடல்களை அவசரமாகப் பதிவிறக்கிக்கொண்டார்கள். அடுத்த மாதமே முதலீட்டு நிறுவனங்களான ரெயின் குழுமமும் சிங்கப்பூரின் டெமாசெக்கும் சுமார் 17 கோடி டாலர் முதலீடு செய்ததால் அது பிழைத்தது. 2025 மே மாதத்தில் இன்னொரு சர்ச்சை எழுந்தது. 2024 பிப்ரவரியில் அதன் பயன்பாட்டு விதிகளில், பயனர்களின் படைப்புகளைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சியளிக்கப் பயன்படுத்த இடம் கொடுக்கும் வாசகம் சேர்க்கப்பட்டிருந்ததைச் சிலர் கவனித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். கலைஞர்களின் பாடல்களை வைத்து அப்படிப் பயிற்சி எதுவும் நடத்தியதில்லை என்று நிறுவனம் விளக்கம் அளித்தது. வாசகம் அளவுக்கு மீறி விரிவாக அமைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு அதன் தலைமை நிர்வாகி எலையா சீட்டன் ஒரு திறந்த மடல் எழுதி, விதியைத் திருத்துவதாக உறுதி கூறினார். உறுதி கூறியதை வரவேற்கிறேன். ஆனால் ஓராண்டுக்கும் மேல் அந்த வாசகம் அங்கேயே இருந்தும் பெரும்பாலான பாடகர்களுக்கு அது தெரியாமல் போனதை மறக்க முடியாது. விதிகள் மாறும்போது வருகிற மின்னஞ்சலை அழிக்காமல் படியுங்கள். மூலப் பதிவுகளை ஒவ்வொரு தடமாகத் தனித்தனியே உங்கள் கணினியிலும், வெளியே இன்னொரு ஹார்ட் டிஸ்கிலும் வைத்திருங்கள்.

உரிமையைப் பற்றி அஞ்சிப் பாடலை யாருக்கும் காட்டாமலே வைத்திருப்பவர்களும் உண்டு. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, மெட்டையும் வரிகளையும் நீங்கள் படைத்த அப்போதே உரிமை உங்களுடையதாகிறது. அதற்குப் பதிவு செய்வது கட்டாயமில்லை. சவுண்ட்கிளவுடிலும் எல்லா உரிமையும் உடையவருக்கே என்பதுதான் இயல்பான அமைப்பு; பிறரும் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை நீங்களாக விரும்பித் தேர்ந்தால்தான் அது தளரும். வரைவு நிலையில் அதைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

மாற்று வழிகளையும் பார்த்திருக்கிறேன். வாட்சப்பில் பாட்டைக் கோப்பாக, அதாவது டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பினால் ஒலித்தரம் குறையாமல் போய்ச் சேர்கிறது. தரத்தை மட்டும் பார்த்தால் அது சவுண்ட்கிளவுடைவிட மேல். கருத்துகளோ அரட்டையின் நடுவே காலை வணக்கப் படங்களுக்குள் புதைந்துவிடும். யூடியூபில் பட்டியலிடாத காணொளியாக ஏற்றிச் சுட்டி தரலாம். கேட்பவர் நேரத்தைத் தானே தட்டச்சு செய்ய வேண்டும், அதைப் பலர் செய்வதில்லை. பேண்ட்கேம்ப் முடிந்த பாடலை விற்பதற்கு நல்ல இடம். வரைவைக் கொண்டுபோக வேண்டிய இடமல்ல. நொடியோடு ஒட்டிய கருத்து என்ற ஒரு காரணத்தாலேயே இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சவுண்ட்கிளவுடை வைக்கிறேன்.

கட்டணக் கணக்கு வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கருத்துக் கேட்கும் வேலைக்கு மட்டும் என்றால் வேண்டாம். ஆண்டுக்கு ஒரு சில பாடல்களைப் பதிந்து, பத்துப் பேருக்கும் குறைவானவர்களிடம் கருத்துக் கேட்கும் ஒருவருக்கு இலவசக் கணக்கே தாராளம். அந்தக் காசைச் சேர்த்து ஒரு நல்ல மைக் ஸ்டாண்டோ, அறையின் எதிரொலியைத் தடுக்கக் கனமான திரைச்சீலையோ வாங்கினால் பாட்டுக்கு உடனே பலன் தெரியும். நிறைய வரைவுகளை நெடுநாள் சேர்த்துவைப்பவர்களும், பிற தளங்களுக்கும் இங்கிருந்தே பாடலை அனுப்ப விரும்புகிறவர்களும் வேண்டுமானால் யோசிக்கலாம்.

இந்தச் சேவையை நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்ள இரண்டு உண்டு. கணக்கில்லாதவரும் சுட்டியின் வழியாக வந்து, பெயரை மட்டும் கொடுத்துவிட்டுத் தனிப்பட்ட பதிவில் கருத்து எழுத வழி செய்ய வேண்டும். என் மாஸ்டரைப் போன்றவர்களின் காது அப்போதுதான் நேரடியாகப் பாட்டுக்கு வந்து சேரும். மற்றது, பாடலை ஒருமுறை முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை பிறர் எழுதிய கருத்துகள் கேட்பவரின் கண்ணில் படாமல் மறைத்துவைக்கும் ஒரு விசை. பாடலை ஏற்றுகிறவர் விரும்பினால் போட்டுக்கொள்ளும்படி இருந்தால் போதும், ஒரே பாட்டை ஆளுக்கொரு பதிவாக ஏற்றிச் சுட்டிகளைப் பிரித்து அனுப்பும் வேலை எங்களுக்கு மிச்சமாகும்.